டிரங்குப் பெட்டியில் தாத்தா-பாட்டி! "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் கறையான் பார்த்துவிடும்!

கூமாப்பட்டி,-

பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் கூமாப்பட்டி. 2025 ஜூனில் செல்போன் வீடியோவால் இந்த ஊர்ப் பேர் நாடெங்கும் பரவியது.

புதுப்படம் நொடியில் பறக்குது. பழைய படம்? பரண் மேல் டிரங்குப் பெட்டியில் தூங்குது!

"பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள். பொங்கல் வரும், போகும். பெட்டி மட்டும் இறங்காது!

முகம் இருக்கும், பேர்?

ஈரம் பட்டால் படத்தில் பூஞ்சை பிடிக்கும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் போச்சு! கறுப்பு-வெள்ளைப் படம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1970, 80-களில் எடுத்த கலர் படம் பல, சாயம் போய்ச் சிவந்துவிடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "இது யாரு?" என்றால் சொல்ல அப்பத்தா வேணும். அவர் காலத்துக்குப் பிறகு முகம் இருக்கும், பேர் இருக்காது.

தினம் 10 படம்

ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் தப்பு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 10 படம் போதும். அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படத்தின் பின்பக்கம் பேர், ஊர், வருஷம் எழுதுங்கள். பென்சிலால் மெதுவாக எழுதணும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். பசை தடவிய ஆல்பமும் ஆகாது. செல்போனில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வீட்டுப் படந்தானே என்று அலட்சியம் வேண்டாம். 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிப்பிடித்து நகல் எடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதற்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகமே உதவியது!

பொங்கல் வரை எதுக்கு? இன்று ராத்திரியே பெட்டியை இறக்குங்கள்!