ஹோல்டனுக்கு என்ன நோய்?

வயது பதினாறு. ஐந்து பாடத்தில் நான்கில் பெயில். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பள்ளியிலிருந்து நீக்கம். வீட்டில் சொல்லப் பயந்து நியூயார்க் ஓட்டலில் அறை எடுத்துத் தங்குகிறான். குடி, ஓயாத சிகரெட், வாயைத் திறந்தால் பொய். பார்க்கிறவர்கள் எல்லாம் அவனுக்குப் போலிகள்.

ஜே.டி.சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' நாவலில் வரும் ஹோல்டன் கால்ஃபீல்ட் இவன். 1951-ல் நாவல் வெளிவந்த நாள்முதல் இவனைத் திமிர் பிடித்தவன் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கற்பனைப் பையனுக்கு யாரும் நோய்ச் சான்றிதழ் தர முடியாது. ஆனால், மனநல மருத்துவர் கேட்டறியும் விவரங்கள் அத்தனையும் நாவலிலேயே இருக்கின்றன.

உடைந்த கண்ணாடிகள்

1946 ஜூலை 18-ல் அவனுடைய தம்பி அல்லி ரத்தப் புற்றுநோயில் இறந்தான். ஹோல்டனுக்கு அப்போது 13 வயது. அன்றிரவு கார் ஷெட்டில் படுத்தவன், ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். கைக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. இன்னமும் மழை பெய்தால் அந்தக் கை வலிக்கிறது.

அல்லியின் பேஸ்பால் கையுறை அவனிடம்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கு நடுவே படிப்பதற்காக, தம்பி அதில் பச்சை மையால் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். அறைத்தோழன் தனக்கொரு கட்டுரை எழுதித் தரச் சொன்னபோது, ஹோல்டன் அந்தக் கையுறையைப் பற்றி எழுதினான். 'வீட்டையோ அறையையோ பற்றித்தானே எழுதச் சொன்னேன்?' என்று தோழன் எரிந்து விழுந்தான். ஹோல்டன் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டான். மனதைத் திறந்த ஒரு தருணத்திலும் அவனுக்குக் கிடைத்தது அதட்டல்தான்.

இன்னொரு பள்ளியில், சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான ஒருவன் ஜன்னலிலிருந்து குதித்து இறந்தான். அப்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர்.

கோபமாக வரும் துக்கம்

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்பதில்லை, எரிச்சலாகவும் வரும். படிப்பு சரியும், தூக்கம் கெடும். ஹோல்டனிடம் இவை எல்லாமே இருக்கின்றன. ஐந்தாவது அவென்யூவில் தெருவைக் கடக்கும்போதெல்லாம், தான் மறைந்துபோய்விடுவோமோ என்று அஞ்சி இறந்த தம்பியைத் துணைக்கு அழைக்கிறான். ஆறாத துக்கத்தை ஒரு கோளாறாகவே அமெரிக்க மனநலக் கையேடு 2022-ல் சேர்த்துக்கொண்டது.

மனிதர்களை வெறுக்கிறவனும் அல்ல அவன். டாக்ஸி டிரைவர்களைக்கூடத் தன்னோடு குடிக்க வரும்படி அழைக்கிறான். ரயில் நிலைய டெலிபோன் கூண்டில் யார் யாரையோ நினைத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமலே வெளியே வருகிறான்.

சாலிஞ்சரும் இந்த வலியை அறிந்தவர். 1944-ல் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைவீரர் அவர். போர் முடிந்ததும் மனம் தளர்ந்து ஜெர்மனியில் மருத்துவமனையில் சேர்ந்தார்.

நாவல் முழுக்கப் பெரியவர்கள் படிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். கடைசியில் சிகிச்சை தரும் மனப்பகுப்பாய்வாளர்கூட, இனியாவது ஒழுங்காகப் படிப்பாயா என்றுதான் கேட்கிறார். உனக்குப் பிடித்தது ஏதாவது ஒன்றைச் சொல் என்று கேட்டவள் பத்து வயதுத் தங்கை ஃபீபி. அவன் சொன்ன பதில்: அல்லி.

பெற்றோரே, ஆசிரியரே, மார்க் திடீரென்று சரிந்து, எடுத்தெறிந்து பேசும் பிள்ளையிடம் முதலில் 'எதை இழந்தாய்?' என்று கேளுங்கள். அவன் பேசும்போது குறுக்கிடாதீர்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்காதீர்கள். ரிப்போர்ட் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.