வேப்பந்தழையும் வானலைச் சில்லும்

நெடுநல்வாடை அகநூலா, புறநூலா என்னும் வினா தமிழ் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழுவதுண்டு. பிரிவால் வாடும் தலைவியையும், நள்ளிரவிலும் துயிலாது பாசறையில் திரியும் தலைவனையும் பாடுவதால் அஃது அகமாகவே தோன்றும். ஆயினும் அப்பாசறையில் ஏந்திவரப்படும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருந்ததையும் நக்கீரர் பாடிவிட்டார். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அகப்பாட்டில் தலைமக்களின் பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. எனவே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அத்தழையைச் சான்றாகக் காட்டி, இது புறமே என்று முடிவு கூறினார். அரசனின் பெயர் பாட்டில் ஓரிடத்தும் இல்லை; அகத்தைப் புறமாக்க ஒரு தழையே போதுமாயிற்று.

அத்தகைய தழையொன்றை இன்று நாம் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் சுமந்து திரிகிறோம். ஆங்கிலத்தில் ஆர்.எஃப்.ஐ.டி. எனச் சுருக்கமாக வழங்கும் இதனை வானலை அடையாளச் சில்லு எனலாம். அரிசிமணியினும் சிறிய சில்லு, அதனைச் சுற்றி மெல்லிய உலோகச் சுருள், அவ்வளவே. பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. படிப்பான் கருவி வானலையை வீசும்போது அவ்வலையிலிருந்தே ஆற்றல் பெற்று, தனக்குரிய எண்ணைச் சில்லு திருப்பிச் சொல்கிறது. உரியவர் அதனை எடுத்து நீட்ட வேண்டும் என்பதில்லை. கேட்கப்பட்டதை அவர் அறியவும் வேண்டியதில்லை. சிக்கல் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

இதன் முன்னோடிகளுள் ஒன்று ஒற்றுக் கருவியாகவே பிறந்தது என்பது வியப்புக்குரியது. 1945-இல் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அரசுச் சின்னம் ஒன்றைப் பரிசளித்தனர். லியோன் தெரமின் என்னும் அறிஞர் வடித்த கருவி அதனுள் இருந்தது. அதிலும் மின்கலம் இல்லை. வெளியிலிருந்து வானலை பாய்ந்தபோது மட்டும் அது அறையின் பேச்சைச் சுமந்து திரும்பிற்று. ஏறத்தாழ ஏழாண்டுகள் அது தூதரின் சுவரிலேயே தொங்கியது.

அபிராமபுரத்திலிருந்து அடையாற்றைக் கடந்தால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறக்கப்பட்ட அந்நூலகத்திலும் இச்சில்லு பணிபுரிகிறது. திருட்டைத் தடுக்கவும், இடம் மாறிய நூலைத் தேடவும் நூலகர்க்கு இது பெருந்துணை என்பதை மறுக்க இயலாது. எனினும் 2004-இலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் மோல்னாரும் டேவிட் வாக்னரும் நூலகச் சில்லுகளை ஆராய்ந்து, பைக்குள் இருக்கும் நூலைப் பிறர் அறிய வழியுண்டு என எச்சரித்தனர். ஒருவர் எந்நூலைப் படிக்கிறார் என்பது அவர் மனத்தின் பாதியன்றோ!

பயணத்துக்கு வருவோம். பேருந்தில் நடத்துநர் கிழித்துத் தந்த பயணச்சீட்டில் கட்டணம் இருந்தது, பெயர் இல்லை. இறங்கியதும் கசக்கி எறிந்தோம். பயணமும் அதனோடு மறைந்தது. 2023 ஏப்ரலில் மெட்ரோ இரயிலுக்கென வந்த ‘சிங்காரச் சென்னை’ அட்டை, 2025 முதல் மாநகரப் பேருந்திலும் செல்லுபடியாகிறது. சில்லறைத் தொல்லை ஒழிந்தது, மகிழ்ச்சியே. ஆனால் கைப்பேசி எண்ணோடு இணைந்த அட்டை, ஏறிய இடத்தையும் நேரத்தையும் எங்கோ ஒரு கணிப்பொறியில் எழுதிவைக்கிறது. மகிழுந்துக்கும் இதுவே நிலை. 2021 பிப்ரவரி முதல் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. பரனூரைக் கடக்கும் வண்டியின் எண், நாள், மணி யாவும் பதிவாகின்றன. களவுபோன வண்டியை மீட்க உதவும் அதே பதிவு, வேறு கைக்குப் போனால் என்னாகும்? அமெரிக்காவில் சுங்கச்சாவடிப் பதிவுகள் மணவிலக்கு வழக்குகளிலேயே சான்றாகக் காட்டப்பட்டிருக்கின்றன. சங்கத் தலைவி அஞ்சிய அலருக்கு ஊர்ப்பெண்டிரின் வாய் வேண்டியிருந்தது. இன்றைய அலருக்கு வாயே வேண்டுவதில்லை.

எல்லாச் சில்லும் ஒரு தன்மையன அல்ல. 2025 மார்ச்சு முதல் சென்னையில் வழங்கப்படும் மின்கடவுச்சீட்டின் சில்லு, ஏட்டில் அச்சிட்ட வரிகளை முதலில் படித்தறிந்த கருவிக்கே தன் உள்ளடக்கத்தைத் திறந்து காட்டும். பூட்டுப் போட முடியும் என்பதற்கு இதுவே சான்று. மலிவான அட்டைகளில் அப்பூட்டைப் போடுவதற்குத்தான் பலருக்கு மனமில்லை.

என் உறவுப் பெண்ணொருத்தி வேறொரு கல்லூரியில் முதலாண்டு பயில்கிறாள். அவள் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அடையாள அட்டைச் சில்லு தந்தைக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்து வருவது அவள் வழக்கம். செய்தி வரத் தொடங்கிய பின், “மூன்றரைக்கு வகுப்பு முடிகிறது; நாலரை வரை எங்கிருந்தாய்?” என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. பெண்ணை நம்பியே கல்லூரிக்கு அனுப்பிய தந்தைதான் அவர். சில்லு வாயிலைச் சொல்லிற்றேயன்றி நூலகத்தைச் சொல்லவில்லை. அவள் நூலகம் போவதை நிறுத்திவிட்டாள். படிக்க வந்த பெண் படிக்கும் இடத்தை இழந்தது எந்தப் பாதுகாப்பின் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. 2005-இல் கலிபோர்னியாவின் சட்டர் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் இத்தகைய அட்டைகளைக் கழுத்தில் மாட்டியபோது பெற்றோரே எதிர்த்து எழுந்தனர்; திட்டம் கைவிடப்பட்டது. நம் ஊரில் பெற்றோரே இதனை விரும்பிக் கேட்கின்றனர். அவர்களின் அச்சமும் பொய்யன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. எனினும் 2025 நவம்பரில் வெளிவந்த விதிகள், கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துள்ளன. முதலாண்டு மாணவருள் பலர் பதினேழு வயதினர் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். ஆகவே அட்டையில் எதைப் பதிவது, யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பன பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன.

உறவுப் பெண்ணிடம் சொல்லி, அப்பதிவுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் செய்தேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையே என்றாராம் எழுத்தர். எழுத்தாகத் தந்தால் முதல்வரிடம் வைப்பதாகவும் சொன்னாராம். விண்ணப்பத்தை நல்ல தமிழில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.