பதக்கம் கேட்கும் முன் படையைக் கண்டுபிடியுங்கள்

புத்தளத்துக்குத் தெற்கே, கற்பிட்டி வீதி பிரியும் பாலாவியில் இன்று விமானப்படையிடம் இருக்கும் ஓடுபாதை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்த ஆண்டிலிருந்து பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்துக்கு 'ராஜாலியா' என்று பெயரிட்டு அதன் விமானிகளைப் பழக்கியது. சேற்றில் புதைந்த விமானங்களை யானைகள் இழுத்த கதையைப் புத்தளத்தில் இப்போதும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சீருடை போட்ட நம் கரையோரத்து ஆட்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு. உடப்பிலோ கற்பிட்டியிலோ ஒரு வீட்டுப் பெட்டியில் பழைய படமொன்று கிடக்கும். "பாட்டனுக்கு மெடல் வரவேண்டியிருந்தது, வரவில்லை" என்ற பேச்சும் அந்த வீட்டில் இருக்கும். அந்தக் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் எந்தப் படையில் கையெழுத்திட்டார் என்பது. எங்கே விண்ணப்பிப்பது, யாரிடம் ஆவணம் கேட்பது, எந்தப் பதக்கம் பொருந்தும் என்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். இலங்கைப் பாதுகாப்புப் படையின் காலாட்படையிலோ பீரங்கிப் பிரிவிலோ இருந்திருக்கலாம். 1938இல் தொடங்கி, 1943இல் பிரித்தானியக் கடற்படையின் கீழ் போன தொண்டர் கடற்படையில் இருந்திருக்கலாம். பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவிலோ பயனியர் பிரிவிலோ நேரடியாகச் சேர்ந்து மத்திய கிழக்குவரை போன இலங்கையரும் உண்டு. பாலாவித் தளத்தில் நாட்கூலிக்கு மண் சுமந்தவரின் உழைப்பு சிறிதல்ல, ஆனாலும் அதைப் படைச் சேவையாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இதை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

வீரப் பதக்கம் வேறு, சேவைப் பதக்கம் வேறு. வீரப் பதக்கத்துக்குக் களத்திலிருந்த அதிகாரி பரிந்துரைத்திருக்க வேண்டும். அதைக் குடும்பம் கேட்டுப் பெற முடியாது. சேவைப் பதக்கத்துக்கு நிபந்தனை பூர்த்தியானால் போதும். 1939 செப்டம்பர் 3 முதல் 1945 செப்டம்பர் 2 வரையான காலத்தில் 28 நாள் முழுநேரச் சேவை செய்திருந்தாலே 1939–45 போர்ப் பதக்கத்துக்குத் தகுதி உண்டு. பர்மா நட்சத்திரம் போன்றவற்றுக்கு எங்கே, எத்தனை நாள் இருந்தார் என்பது வேண்டும்.

பிரித்தானியப் படைகளில் நேரடியாகச் சேர்ந்தவரின் பதக்கம் இதுவரை வழங்கப்படாதிருந்தால், பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு இன்றும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினர் எழுதலாம். ஆனால் ஒருமுறை வழங்கித் தொலைந்துபோன பதக்கத்துக்குக் குடும்பத்தார் மாற்றுப் பதக்கம் கேட்டால் கிடைக்காது. இங்கே திரட்டப்பட்ட படைகளைச் சேர்ந்தவருக்கு, இன்றைய இராணுவத்தின் அல்லது கடற்படையின் ஆவணப் பிரிவில் தேடலைத் தொடங்குங்கள். 1944இல் உருவான இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம் வழிகாட்டக்கூடிய இடம். சுதந்திரத்துக்கு முன் முடிக்குச் சேவை செய்து வறுமையில் வாழ்பவருக்கும் அவருடைய விதவைக்கும் உதவும் பொதுநலவாய அமைப்பு ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

இனிப் பெயர்ச் சிக்கல். நம் பகுதியில் பெரும்பாலான தேடல்கள் இடறி நிற்பது இங்கேதான். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரும், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துவராது. தகப்பன் பெயர் விடுபட்டிருக்கும், ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கும். ஆகவே சேவை இலக்கம் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். விலகல் சான்றிதழ், சம்பளப் புத்தகம், படையிலிருந்து வந்த கடிதம் என எது கிடைத்தாலும் பிரதியெடுத்து, அசலை வீட்டில் வையுங்கள். பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கலாம். கத்தோலிக்கக் குடும்பமானால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள்.

பதக்கம் கையில் இருந்தால் சேவை நிரூபணமாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். முதலாம் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் பொறித்திருப்பார்கள். பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பொதுவாகப் பெயர் இராது. இதனால்தான் பழைய பதக்கம் விற்போரும் வாங்குவோரும் பலரை ஏமாற்ற முடிகிறது. "லண்டனில் ஆள் இருக்கிறது, காசு கொடுத்தால் எடுத்துத் தருவேன்" என்று வருபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அசல் ஆவணத்தையும் கொடுக்காதீர்கள். முன்னாள் படையினரை நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டி ரஷ்யப் போர்க்களத்துக்கு அனுப்பிய தரகர்களை 2024இல் நாடே பார்த்தது.

சுதந்திர இலங்கையின் படைகளில் 1949க்குப் பிந்திய சேவைக்கு வழி வேறு. பதக்கமும் சான்றிதழும் அவரவர் படைப்பிரிவின் தலைமையகம் ஊடாகவே வரும். போரில் இறந்தவர், காணாமற்போனவர், ஊனமுற்றவர் குடும்பங்களின் நலனுக்கு 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. முறையாக விலகாமல் வந்தவர், முதலில் தன் விலகலைச் சட்டப்படி சீர்செய்ய வேண்டும். அதற்குமுன் பதக்கம் பற்றிப் பேசுவதில் பலனில்லை.

அலுவலகம் பதில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். வராவிட்டால் மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு. "மெடல் தாருங்கள்" என்று அதில் கேட்கவேண்டாம். இன்ன இலக்கம், இன்ன பெயர், இன்ன ஆண்டுகள், இவருடைய சேவைப் பதிவின் பிரதி வேண்டும் என்று கேளுங்கள்.