வராதவர்களுக்காக ஒரு முகாம்

அம்மானிலிருந்து பாக்தாத் போகும் நெடுஞ்சாலையில் ஜோர்டான் பக்கத்துக் கடைசி ஊர் ருவைஷித். சுற்றிலும் கல்லும் புழுதியுமான பாலை. அமெரிக்கப் படையெடுப்பு உறுதியாகிவிட்ட 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்த ஊருக்கு வெளியே இரண்டு முகாம்களுக்கு இடம் தயாரானது. ஒன்று இராக்கியர்களுக்கு, மற்றொன்று இராக்கில் வேலைபார்த்த பிற நாட்டவருக்கு. அண்டை நாடுகளுக்கு 6 லட்சம் பேர் வரை ஓடிவரலாம் என்பது ஐ.நா.வின் கணிப்பு. அகாபா துறைமுகக் கிடங்குகளில் கூடாரங்களும் கம்பளிகளும் குவிந்தன.

முகாம் போடுவது என்றால் கூடாரம் அடிப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தண்ணீர்க் கணக்கு. நிவாரண அமைப்புகளின் அளவுகோல்படி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 10 ஆயிரம் பேர் தங்கும் முகாமுக்கு 15 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி தினமும் பத்து நடை போயாக வேண்டும். ஜோர்டானோ தன் தலைநகரத்துக்கே தண்ணீரை முறைவைத்து விடும் நாடு.

இந்தத் தயாரிப்புக்கு ஒரு முன்கதை உண்டு. 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்ததும், அங்கே வேலைபார்த்த எகிப்தியர்கள், இந்தியர்கள், வங்கதேசத்தவர், இலங்கைப் பணிப்பெண்கள் எனப் பல லட்சம் பேர் இராக்கைக் கடந்து இதே சாலையில்தான் வந்தார்கள். எல்லைக்கும் சாவடிக்கும் நடுவே வெட்டவெளியில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். ஏர் இந்தியா விமானங்கள் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏற்றி வந்தது அப்போதுதான். அவர்களில் பெரும்பகுதி மலையாளிகள். நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 2003இல் பிற நாட்டவருக்குத் தனி முகாம் ஒதுக்கியது அந்த அனுபவத்தின் பாடம்.

ஆனால் ஜோர்டானின் அச்சம் தண்ணீரோடு முடிவதில்லை. 1948இலும் 1967இலும் பாலஸ்தீனர்கள் வந்தார்கள். திரும்பிப் போக முடியவில்லை. 1990–91இல் குவைத்திலிருந்து மேலும் சுமார் 3 லட்சம் பேர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஜோர்டான் கையெழுத்திடவே இல்லை. நீண்ட தயக்கத்துக்குப் பிறகுதான் எல்லையோர முகாமுக்குச் சம்மதித்தது. அம்மானிலிருந்து வெகுதூரம் தள்ளி இடம் பார்த்ததில் இரக்கம் பாதி, எச்சரிக்கை பாதி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போரைத் தீர்மானித்தது ஒரு நாடு, விளைவைத் தாங்கப்போவது இன்னொரு நாடு.

2003 மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. இராக்கியர்கள் வரவில்லை. சதாம் அரசு பல வார ரேஷனை முன்கூட்டியே கொடுத்திருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பினால் கொள்ளை போகும் என்ற பயம். மேற்கு இராக்கின் ருத்பா வழியாக வரும் பாலைவனச் சாலையிலோ குண்டுகள் விழுந்தன. அம்மானில் இருந்த இராக்கியர்களில் ஆயிரக்கணக்கானோர், குடும்பத்தோடு இருக்க வேண்டுமென்று பஸ் பிடித்து எதிர்த்திசையில் போனார்கள்! ஏப்ரல் 9இல் பாக்தாத் வீழ்ந்தபோது முகாமின் பெரும்பகுதி காலி.

பிறகு வந்தவர்கள் யாரும் எதிர்பார்க்காதவர்கள். சூடானியர்கள், சோமாலியர்கள், ஏற்கெனவே இராக்கில் அகதிகளாக இருந்த ஈரானியக் குர்துகள், சதாம் வீழ்ந்ததும் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பாக்தாத் பாலஸ்தீனர்கள். ஜோர்டானியரை மணந்திருந்த சில குடும்பங்களுக்கு மட்டும் உள்ளே போக அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் தேளுக்கும் புழுதிப்புயலுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். கடைசியாக மிஞ்சிய நூற்றுச் சொச்சம் பாலஸ்தீனர்களை 2007இல் பிரேசில் ஏற்றுக்கொண்டது. அரபு மண்ணில் கிடைக்காத இடம் அட்லாண்டிக்குக்கு அப்பால் கிடைத்தது. அத்தோடு ருவைஷித் முகாமை மூடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இராக்கிய அகதிகள் ஜோர்டானில் நிரம்பி வழிந்தது அதே காலத்தில்தான். 2006 பிப்ரவரியில் சமாராவின் அஸ்கரி மசூதி தகர்க்கப்பட்டு ஷியா–சன்னி படுகொலைகள் பெருகியபோது, ஜனங்கள் உண்மையிலேயே கிளம்பினார்கள். 2007இல் நார்வேயின் ஃபாஃபோ நிறுவனம் எடுத்த கணக்கு, ஜோர்டானில் 4.5 முதல் 5 லட்சம் இராக்கியர்கள் என்றது. அவர்களுக்குக் கூடாரம் தேவைப்படவில்லை. ஜி.எம்.சி. வாடகை வண்டியிலும் விமானத்திலும் வந்து, அம்மானில் வீடு பிடித்தார்கள். வாடகை ஏறியது. பிள்ளைகளை அரசுப் பள்ளியில் தாராளமாகச் சேர்க்கலாம் என்ற அனுமதி 2007 ஆகஸ்டில்தான் வந்தது. எல்லையில் கழிப்பறைகளை எண்ணிவைத்திருந்தார்கள். நகரத்தில் வகுப்பறைகளை எண்ண யாருக்கும் தோன்றவில்லை. என் பார்வையில், போர்க்காலத் தயாரிப்பு பெரும்பாலும் போன முறை வந்த கூட்டத்துக்காகவே நடக்கிறது.

சிரியப் போரில் இது வேறு விதமாகத் திரும்பியது. இம்முறை மக்கள் நிஜமாகவே முகாமுக்கு வந்தார்கள். 2012 ஜூலையில் ஜோர்டானில் திறந்த ஸாத்தரி முகாம் ஓராண்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பின்னர் கதவு இறுகியது. ருவைஷித்துக்கு வடக்கே, சிரிய எல்லையின் மண்மேடுகளுக்கு நடுவே ருக்பானில் பல்லாயிரம் பேர் தேங்கினார்கள். 2016 ஜூனில் அங்கே வெடித்த கார் குண்டில் ஜோர்டான் படையினர் இறந்ததும், எல்லை ராணுவப் பகுதியாக அறிவிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் உணவுப் பொருட்களை கிரேன் வைத்து அந்தப் பக்கம் இறக்கினார்கள். சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்த பிறகு, 2025இல்தான் ருக்பான் காலியானது.