பழைய சொகுசுக் கார்: வாங்கும் விலையோடு முடிவதில்லை



புது மாருதி வாங்கும் பணத்தில் பழைய பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ கிடைக்கிறதே என்று நம் பகுதிப் பிள்ளைகள் சிலர் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவது குற்றமல்ல. கணக்குப் பார்க்காமல் இறங்குவதுதான் ஆபத்து.

கார் பழசானால் அதன் விலை இறங்கும். உதிரி பாகங்களின் விலை இறங்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன் இவற்றில் ஒன்று பழுதானாலே செலவு லட்சங்களைத் தொடலாம். புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைத்தாலும், அதை வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். டயர், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் செலவுகள் தனி.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. ஆகவே தரைவிரிப்பைத் தூக்கிச் சேறும் துருவும் இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துக் கறை தேடுங்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைத்திருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். விற்பவர் குறையைச் சொல்ல வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சர்வீஸ் பதிவு, ஆர்.சி., பழைய கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்கிய பின் ரிப்பேருக்கென ஒரு தொகை கையில் மிஞ்சுமா? பிள்ளைகளின் படிப்புப் பணத்தைத் தொட்டோ, வட்டிக்கு வாங்கியோதான் சமாளிக்க வேண்டுமென்றால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். சிறிய கார் போதும். அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.
செயலாளர்