ஊருக்குப் போகும்போது பூனையை யாரிடம் விடுவது?

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டால் போதும். தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டும் சத்தம் கேட்கும். இரண்டு மாதம் முன்பே எடுத்த ரெயில் டிக்கெட் பத்திரமாக இருக்கும். அம்மாவுக்குச் சேலை, அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கியாகிவிடும். பால்காரரிடமும் சொல்லியாகிவிடும். வீட்டுப் பூனை மட்டும் கடைசி நாளில்தான் ஞாபகத்துக்கு வரும்.

"அதற்கென்ன? எலி பிடித்துத் தின்னும். மீன் மார்க்கெட் பக்கத்தில்தானே இருக்கிறது?" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, வாசலில் ஒரு தட்டு பால்சோறு வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் பலர்.

நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓடினேன்.

தங்கை கல்யாணத்துக்காக 12 நாள் லீவில் போனேன். எங்கள் சாலில் சின்னி என்ற பூனையை நான்கு வருடமாக வளர்த்து வந்தோம். கொழுகொழு என்று இருக்கும். திரும்பி வந்தபோது மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எலும்பும் தோலுமாகியிருந்தது. காதின் உள்பக்கமும் கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சள் பூத்திருந்தன.

"முதல் இரண்டு நாள் உங்கள் சோற்றை நக்கியது. பிறகு எறும்பு மொய்த்துவிட்டது. நான் மீன் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு மறுபடி உங்கள் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டார் அடுத்த அறை மராட்டிய அம்மா. அவரை நாங்கள் மாவுசி என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறாம் நாள் சின்னி செத்துப்போனது.

பட்டினி பூனைக்கு எமன்

டாக்டர் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. இடமும் வேளையும் பழகிய குரலும் மாறினால் பல பூனைகள் சாப்பாட்டைத் தொடாது. நாலு நாள் பட்டினி கிடந்தால் தானாகத் தின்னும் என்று நாம் நினைக்கிறோம். பூனை விஷயத்தில் அது தவறு.

பூனை சாப்பிடாமல் இருந்தால் அதன் உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேருகிறது. ஒரு சில நாளிலேயே ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வருகிறது. கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆகவே ஒரு நாள் முழுவதும் பூனை சாப்பிடாவிட்டால் கவலைப்பட வேண்டும். இரண்டாம் நாளும் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

கூடவே கொண்டுபோகலாமா?

ரெயிலில் பூனையைத் தூங்கும் வசதி பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. முதல் வகுப்பு ஏ.சி.யில் ஓர் அறை முழுவதும் நம் பெயரில் இருந்தால், பார்சல் ஆபீசில் பதிந்து, பணம் கட்டிக் கூடவே கொண்டுபோகலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். மே மாத வெயிலில் ஒன்றரை நாள் கூண்டுப் பயணம் என்பது பூனைக்குத் தண்டனை. ஊரில் இறங்கிய உடனே மிரண்டு ஓடிவிட்டால் தேடிப் பிடிப்பதும் கஷ்டம். நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

நகரில் பணம் வாங்கிக்கொண்டு பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகள் இருக்கின்றன. அங்கே விடுவதானால் முதலில் நேரில் போய்ப் பாருங்கள். நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா, தடுப்பூசிச் சீட்டு கேட்கிறார்களா என்று கவனியுங்கள். சீட்டு கேட்காத இடத்தில் மற்றப் பூனைகளின் நோய் நம் பூனைக்கும் வரும்.

சாவி யாரிடம்?

எல்லாவற்றிலும் நல்ல வழி, பூனையை அதன் வீட்டிலேயே விட்டு, நம்பிக்கையான ஒருவர் தினம் இரண்டு வேளை வந்து பார்க்க ஏற்பாடு செய்வதுதான். சாவி கொடுக்க மனம் இல்லையென்றால் அவர் வீட்டில் விடலாம். அப்படி விட்டால் முதல் சில நாள் ஓர் அறைக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். முதல் நாளே வெளியே விட்டால் பூட்டிய பழைய வாசலுக்குத்தான் ஓடும். அது படுத்துப் புரண்ட பழந்துணியையும் கூடவே கொடுங்கள். அந்த வாசனை அதற்கு ஆறுதல்.

கிளம்புகிற அன்று ஒப்படைப்பது தவறு. ஒரு வாரம் முன்பிருந்தே, நாம் வீட்டில் இருக்கும்போதே, அவர் கையால் சோறு வைக்கப் பழக்க வேண்டும். அவர் குரல் கேட்டுப் பூனை ஓடி வர வேண்டும். அதன் பிறகு நீங்கள் நிம்மதியாக ரெயில் ஏறலாம்.

எழுதிக் கொடுக்க வேண்டியவை

வாயால் சொன்னது மறந்துபோகும். ஒரு தாளில் அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதிக் கொடுங்கள்.

1. சாப்பாடு: எந்த வேளை, எவ்வளவு, எந்தத் தட்டில். தயிர்சோறு மட்டும் போட்டால் போதாது. பூனையின் கண்ணுக்கும் இருதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கிறது. மீனை வேகவைத்து முள் எடுத்துப் போட வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஆகும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு விஷம்.

2. தண்ணீர்: நான்கு கிலோ பூனைக்கு, சாப்பாட்டில் சேருவதையும் கணக்கிட்டு, நாளைக்குச் சுமார் 200 மில்லி வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு இடத்தில் கிண்ணம் வைப்பது நல்லது.

3. மணல் தட்டு: தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. பூனையின் மலத்தில் உள்ள ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

4. ஆபத்து அறிகுறி: ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசரம். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடும்.

5. மருந்து: காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. நாம் தலைவலிக்குப் போடும் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

6. கடி, கீறல்: பார்த்துக்கொள்கிறவரைப் பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாம் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டுச் சீட்டைக் கையில் கொடுப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

7. டாக்டர்: பக்கத்து டாக்டரின் பெயர், போன் நம்பர். பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு ஆஸ்பத்திரி 19-ஆம் நூற்றாண்டு முதல் இருந்துவருகிறது. அதன் விலாசத்தையும் எழுதுங்கள். "என்னைக் கேட்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள், செலவு என்னுடையது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நம் கிராமத்தில் போன் கிடைக்காத நேரத்தில் அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றும்.

பணம் கொடுக்க மறக்காதீர்கள்

பக்கத்து வீட்டுக்காரர் காசு கேட்க மாட்டார். அதனால்தான் நாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறையும், விலை ஏறும். ஜூன் பிறந்த பிறகு திரும்புகிறவர்கள் அதையும் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வளர்த்த பிராணியைப் பட்டினியும் தாகமுமாகக் கிடக்கும்படி கைவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் நம் சாலுக்குள் வந்து எட்டிப்பார்க்காது என்பது உண்மைதான். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சின்னியை நான் நினைக்காத நாள் இல்லை.

மனியும் துளசியும்

அடுத்த வருடம் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. கறுப்பன் என்று பெயர் வைத்தோம். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வாரம் மாவுசிதான் அதற்கு மீன் வைத்தார். சாவியையும் தாளையும் பணத்தையும் கொடுத்தேன். தாளில் மராட்டியில் எழுதியது என் மகன். 30 நாள் கழித்துத் திரும்பியபோது கறுப்பன் மாவுசி மடியில் படுத்திருந்தது. "கறுப்பா" என்றேன். திரும்பவில்லை. "மனி" என்றார் அவர். மராட்டிய வீடுகளில் பூனையை அப்படித்தான் கொஞ்சுவார்கள். உடனே தலையைத் தூக்கியது!

மாவுசிக்கும் ஊர் உண்டு. கணபதி பண்டிகைக்குக் கொங்கணத்துக்குப் போவார். அந்த நாட்களில் அவர் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் மனைவியின் வேலை.

இந்த நகரத்தில் எல்லோரும் எங்கேயோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள்தான். ஒருவர் போகும்போது இன்னொருவர் இருப்பார். இந்தக் கோடையில் பெட்டி கட்டுவதற்கு முன், அடுத்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.