சக்கரத்தைக் கழற்றினாலும் ஸ்பிரிங் தூங்காது! பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்கிறவர்கள் கவனத்துக்கு...

திண்டுக்கல்லில் என் பெரியப்பா வீட்டு கார் ஷெட்டின் தகரக் கதவில் ஒரு குழி இருக்கிறது. தேங்காய் மூடி அளவு. போன பொங்கல் லீவில் அந்தக் குழி விழுந்தபோது, அதிலிருந்து இரண்டடி தள்ளி, கையில் காபி டம்ளரோடு நான் நின்றிருந்தேன்.

தாத்தா 1979-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி. அவர் போன பிறகு பத்து வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு பெரியப்பா அதைக் கையிலெடுத்தார். இன்ஜினை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பியாகிவிட்டது. பானெட், பம்பர், பேட்டரி எல்லாம் மூலையில். அடுத்தது முன்பக்க சஸ்பென்ஷன். கிங்பின் ஆடுகிறது, ரப்பர் புஷ்கள் கருவாடாகக் காய்ந்திருந்தன.

வண்டியின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, இடது சக்கரத்தைக் கழற்றினார். ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் கையின் கீழே ஜாக்கியைக் கொடுத்து ஏற்றினார். “இப்ப போல்ட்டைக் கழட்டிட்டு ஜாக்கியை மெதுவா இறக்கினா ஸ்பிரிங் தானா கையோட வந்துடும்” என்றார். வீடியோவில் அப்படித்தான் காட்டினார்களாம். போல்ட் வெளியே வந்த நொடியில் வண்டி ஒருபக்கமாகக் குலுங்கி இறங்கியது. ஜாக்கி சாய்ந்தது. ஸ்பிரிங் அவர் முழங்கைக்குக் கீழே உரசிக்கொண்டு போய்க் கதவில் அடித்தது. ஆறு தையல். “அந்த வண்டியை எடைக்குப் போட்டுட்டு வேற வேலை பாருங்க” என்று பெரியம்மா இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள், அந்தக் காலத்தில் தாத்தாவுக்கு இதே வண்டியைப் பார்த்த மெக்கானிக் பாய் வந்தார். கீழே குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “இன்ஜின் இல்லாத வண்டிக்கு இன்ஜின் இருக்கிற வண்டியோட வைத்தியம் பண்ணியிருக்கீங்க சார்” என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரியால்தான்.

எங்கே ஒளிந்திருக்கிறது அந்த விசை?

பத்மினியின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள். நடுவே வண்டியின் பாரத்தைச் சுமக்கும் காயில் ஸ்பிரிங். வண்டியின் எடை சுமார் 900 கிலோ. ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 225 கிலோ வருகிறது. ஆனால் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் கீழே இருப்பதில்லை. கையின் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குப்படி ஸ்பிரிங் தாங்குவது அதைப்போல இரண்டு மடங்கு. அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதாகத் தோன்றும். கை தொங்குகிறது, பாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கை ஓர் எல்லைவரைதான் இறங்கும். அதற்கு மேல் இறங்க விடாமல் ரப்பர் தடுப்போ, சில வண்டிகளில் ஷாக் அப்சார்பரோ பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையிலும் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது. ‘ஷாக் அப்சார்பர்தானே’ என்று இரண்டு நட்டைக் கழற்றியதும் கை படாரென்று இறங்குவது இதனால்தான்.

பெரியப்பா வீட்டில் நடந்தது இதற்கும் ஒரு படி மேலே. ஜாக்கியை ஏற்றும்போது ஸ்பிரிங் அமுங்க வேண்டுமானால், மேலிருந்து வண்டியின் கனம் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்ஜின் இருந்திருந்தால் பிடித்திருக்கும். வெறும் கூடாக நிற்கும் வண்டியில் ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதில் வண்டியே ஸ்டாண்டை விட்டு எழும்பிவிடும். விரற்கடை அளவு எழும்பினாலும் போதும், கீழே குனிந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் ஜாக்கியின் மேல்தான் நின்றது.

ஓடுகிற வண்டியில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் மெக்கானிக்குக் கைவந்த முறை, புதுப்பிக்கும் வண்டியில் ஆபத்தாவது இந்த இடத்தில்தான். ஆகவே முடிந்தால் இன்ஜினை இறக்குவதற்கு முன்பே முன்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதா? ஜாக்கியை நம்பாமல், ஸ்பிரிங்கைத் தனியாக அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் கருவி வேண்டும்.

கம்ப்ரசரும் விளையாட்டுப் பொருள் இல்லை. வெளியே மாட்டும் வகையென்றால் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, ஒன்றில் நாலு சுற்று, மற்றதில் நாலு சுற்று என மாற்றி மாற்றித் திருக வேண்டும். ஒரே பக்கம் திருகினால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல வளைந்து, கொக்கி நழுவும். ஏர் கன் வைத்து முறுக்கக் கூடாது. கொக்கி தேய்ந்திருந்தாலோ மரை மழுங்கியிருந்தாலோ தொடவே வேண்டாம். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே இருக்கும் வண்டிகளில், கைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அதைக் கழற்றி, அந்தத் துளை வழியாக நீளமான மரைக்கம்பியை விட்டு அமுக்குவதும் உண்டு. அதற்கு ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரணக் கம்பி ஆகாது. அமுக்கிய ஸ்பிரிங்கின் வழியாகச் சங்கிலி ஒன்றைச் சட்டத்தோடு தளர்வாகக் கட்டிவைத்தால், நழுவினாலும் பறக்காது. நைலான் கயிறு இதற்குத் தாங்காது. வேலை நடக்கும்போது ஸ்பிரிங் எந்தத் திசையில் பாயுமோ அந்த நேருக்குத் தலையைக் கொண்டுபோகவே கூடாது. நான் காபியோடு நின்ற இடம், அந்த நேர்தான்.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் ‘எங்களுக்குக் காயில் ஸ்பிரிங்கே இல்லை’ என்று நிம்மதி அடைய வேண்டாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த அந்த வண்டியின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வது டார்ஷன் பார் என்ற நீளமான எஃகுத் தண்டு. முறுக்கிய ஈரத்துணி மாதிரி, முறுக்கை உள்ளே வைத்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும். பறக்காதே தவிர, முறுக்கு இறங்காமல் போல்ட்டைக் கழற்றினால் கை வந்து அடிக்கும். கழற்றிய தண்டுகளை இடம், வலம் மாற்றிப் போடக் கூடாது. அடையாளத்துக்குப் பெயின்ட் வையுங்கள். உளியால் வெட்டுக் குறி போட்டால், அந்தக் கீறலில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும்.

ஹாலோபிளாக் மேல் நிற்கும் வண்டி

ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச வந்து, அதைவிட அடிப்படையான ஒன்றை விட்டுவிடக் கூடாது. நம் ஊர் ஷெட்டுகளில் ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லோ ஹாலோபிளாக்கோதான் நிற்கும். உள்ளே வெற்றிடம் உள்ள கல், ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஹைட்ராலிக் ஜாக்கியோ உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தாலே இறங்கிவிடும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். சமமான கான்கிரீட் தரை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்திவிடுவது, ஸ்டாண்டை வைத்ததும் உள்ளே போகும் முன் வண்டியை நன்றாக ஆட்டிப் பார்ப்பது. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் படுக்கப் போட்டுவையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் ஓர் ஆள் நசுங்காத அளவு இடைவெளி மிஞ்சும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே துரு நீக்கும் ஆயிலை விட்டுவையுங்கள். பெரிய பைப்பை மாட்டி ஸ்பானரை இழுக்கும் வேகத்தில் வண்டியே ஸ்டாண்டிலிருந்து சரியலாம். கேஸ் கட்டர் வைத்து ஸ்பிரிங்கைச் சூடாக்கினால் அதன் பதம் போய்விடும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் வாசலில் விளையாடும் வீடுகளில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பலர் தவறவிடுவது ஒன்று. புஷ் போல்ட்டுகளை, கை தொங்கும்போதே முழுதாக முறுக்கக் கூடாது. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஸ்ப்ளிட் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது. பழையதை நிமிர்த்திப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு டீச்செலவுக்கும் காணாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். மும்பை குர்லாவில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் தயாரான வண்டி, பிறகு பத்மினி ஆனது. மும்பையில் 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்ஸிகளே இல்லை. மிச்சம் இருப்பவை எங்கள் வீட்டுடையதுபோல யாரோ ஒருவர் விடாமல் வைத்திருப்பவை. என் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து உட்கார்ந்த பின்சீட் அது. எடைக்குப் போட யாருக்கும் மனசு வராது, பெரியம்மா உட்பட.

தையல் பிரித்த மறுவாரம் பாய் கம்ப்ரசரோடு வந்து இடது பக்கத்தை முடித்துக் கொடுத்தார். வலது பக்கத்தைப் பெரியப்பா கழற்ற, பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். “ஸ்டாண்டைப் பாருங்க சார்... போல்ட்டை அப்புறம் பார்க்கலாம்” என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லையாம். கதவிலிருக்கும் குழியைத் தட்டி நிமிர்த்தித் தருவதாக டிங்கர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார்.